பின் சீட்டில் உட்கார்ந்தாலும் சீட் பெல்ட் கட்டாயமா?

ஆமாம், கட்டாயம்தான். முன் சீட்டுக்கு மட்டும்தான் சட்டம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 138-ஆவது விதியைப் பாருங்கள். ஓட்டுநர், அவர் பக்கத்தில் இருப்பவர், முன்னோக்கிய பின் இருக்கையில் இருப்பவர் எல்லோரையும் அது சேர்த்தே சொல்கிறது. 2019 சட்டத் திருத்தத்தில் 194பி பிரிவு வந்த பிறகு அபராதம் 1,000 ரூபாய். 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே தொகைதான்.

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். அதன் பிறகுதான் இந்த விதியைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு வந்தது.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடம்பு அதே வேகத்தில் முன்னால் பாயும். பின்னால் இருப்பவர் முன் சீட்டில் போய் மோதுவார். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முன் சீட்டுக்காரரும் அந்த இடியில் நசுங்குவார். அதாவது, பின்னால் அம்மா பெல்ட் போடாமல் இருந்தால் முன்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

வாடகை வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டின் பூட்டு சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். இடுக்கில் கைவிட்டுத் துழாவினால் பிஸ்கட் தூள்தான் வரும். அதனால் பெட்டியை ஏற்றும் முன்பே, "அண்ணே, பின்னாடி பெல்ட்டை எடுத்து விடுங்க" என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.