மாமி மார்க்கெட் – கடிதம்

அன்புள்ள சார்,

லாகோஸில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் அலுவலக வரவேற்பில் இருக்கும் அம்மாவின் மகள் மைக்ரோபயாலஜி முடித்துவிட்டுப் போன மாதம் தேசிய இளைஞர் சேவை முகாமுக்குப் போனாள். அங்கிருந்து அனுப்பும் வீடியோக்களை அம்மா எங்களிடம் காட்டுவார். விடிவதற்கு முன்பே பியூகிள் ஊதுகிறார்கள். பட்டதாரிகள் வெள்ளை டவுசர் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடுகிறார்கள். சிப்பாய்கள் விரட்டுகிறார்கள். இருபத்தியோரு நாளும் இதே கதை.

படித்து முடித்தவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓட விட்டால் தேசப்பற்று வந்துவிடுமா? அந்தப் பெண் அழுதுகொண்டேதான் போனாள். இப்போது முகாம் முடியப்போகிறது என்று அழுகிறாளாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் நாட்டிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சென்னையில் இருக்கும் என் நண்பன் ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நீங்கள் நைஜீரியாவில் இருந்ததாக ஒரு கட்டுரையில் படித்தேன். என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.,
லாகோஸ்

அன்புள்ள எஸ்,

ஆமாம், இபாதானில் நான்கு வருடம் இருந்தேன். வருடத்துக்கு ஒரு ‘கோப்பா’ எங்கள் அலுவலகத்துக்கு வருவார். சேவைப் படையில் இருப்பவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வாயிலிருந்து கேட்டதுதான் எனக்குத் தெரிந்ததில் பாதி.

முதலில் தேசப்பற்று. அதற்காக யாரும் அங்கே போவதில்லை, சான்றிதழுக்காகப் போகிறார்கள். முப்பது வயதுக்குள் பட்டம் வாங்கியவருக்கு அந்தக் காகிதம் இல்லாமல் உருப்படியான வேலை கிடைப்பது கஷ்டம். 2018இல் நிதி அமைச்சர் கெமி அடெயோசுன் பதவி விலகியதே சேவை விலக்குச் சான்றிதழ் போலி என்ற விவகாரத்தில்தான். அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் மைக்ரோபயாலஜி படித்த பெண் என்ன செய்வாள்?

திட்டம் பிறந்த காரணம் வேறு. 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா போர். கிழக்கே இக்போக்கள் தனி நாடு கேட்டுத் தோற்றார்கள். பட்டினியில் செத்த குழந்தைகளின் படங்களை உலகமே பார்த்தது. போர் முடிந்து மூன்று வருடத்தில், 1973 மே 22 அன்று, அப்போது ராணுவ ஆட்சி நடத்திய ஜெனரல் கோவோன் ஓர் ஆணை போட்டார்: பட்டதாரிகள் சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் போய் ஒரு வருடம் வேலை செய்ய வேண்டும். தென்மேற்கின் யொருபாப் பெண் வடக்கே சொகோட்டோவுக்கு, வடக்கின் ஹௌசாப் பையன் தெற்கே. நீங்கள் வீடியோவில் பார்த்த மூன்று வாரம் அந்த ஒரு வருடத்தின் வாசல்படி மட்டும்தான்.

ஒரு முறை சக ஊழியர் ஒருவரின் தம்பியை சாகமுவில் உள்ள ஓகுன் மாநில முகாமில் விடப் போனேன். பையன் டிராலி சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்தான். வாயிலில் நின்ற சிப்பாய் “தலையில் வை” என்றார். ஜோக் என்று நினைத்து இவன் சிரித்தான். அடுத்த நிமிடம் சூட்கேஸ் தலையில், பையன் ஓட்டத்தில். இன்னொருவர் பெட்டிகளைத் திறந்து அயர்ன் பாக்ஸ், கத்தரிக்கோல், தண்ணீர் சுடவைக்கும் மின்சுருள் என்று எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே சாலையோரம் தள்ளுமுள்ளு வியாபாரம்: வெள்ளை பனியன், வெள்ளை டவுசர், இடுப்புப் பை, வாளி. முக்கியமாக வாளி.

வெள்ளையில்தான் இருக்கிறது கொடுமை. முகாமில் தருவது இரண்டு பனியன், இரண்டு டவுசர், ஒரு ஜோடி வெள்ளை கான்வாஸ். கீழே நம் தேரிக்காடு மாதிரி செக்கச் சிவந்த மண். காலை அணிவகுப்பு முடிவதற்குள் எல்லாம் காவி ஆகிவிடும். மறுநாளும் வெள்ளையாக நிற்க வேண்டும் என்பதால் ராத்திரி துவைத்து, அது காணாமல் போகாமல் காவல் காத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். கொடுத்த காக்கி பெரும்பாலும் அளவு பொருந்தாது. ஆறடி ஆளுக்கு அரைக்கால், குட்டைப் பெண்ணுக்குக் கூடாரம். யாரிடம் மாற்றலாம் என்று அறை அறையாக அலைவார்கள். முதல் சிநேகிதம் பெரும்பாலும் அந்த அலைச்சலில்தான் கிடைக்கும்.

பியூகிள் ஊதுவதற்கு முன்பே, மூன்று மணிக்கு மேல், தண்ணீர் பிடிக்க வாளிகள் வரிசைக்கு வந்துவிடும். வாளியில் யாரும் பெயர் எழுதுவதில்லை, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த கோட் நம்பர்தான். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் வடக்கே கட்சினாவைச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். சிவில் என்ஜினீயர், ஐந்து வேளை தொழுகிறவன். முகாமில் அவன் கட்டிலுக்கு மேல் கட்டிலில் கிழக்கே அனாம்ப்ராவிலிருந்து வந்த ஓர் இக்போ. அதிகாலைத் தொழுகைக்கு இவன் போகும்போது இவனுடைய வாளியையும் தன் வாளியோடு சேர்த்து அவன் நகர்த்திக்கொண்டே போவானாம். மூன்று வாரமும். இருவரும் அரசியல் பேசியதே இல்லையாம். “பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும்” என்று சிரித்தான்.

டிரில் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் அது பாதி நாடகம்தான். ஆனால் ‘அஜுவாயா’ என்று ஒரு சொல் உண்டு. பழைய நிலைக்குத் திரும்பு என்பதற்கான ‘ஆஸ் யூ வேர்’ என்ற ஆங்கிலக் கட்டளை சிப்பாய்களின் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது. இப்போது கோப்பாக்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதே அதைச் சொல்லித்தான். பழைய திருவிதாங்கூர்ப் படையில் இடது வலது தெரியாதவர்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறுகாலில் சீலையும் கட்டி, ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று நடக்க விட்டதாக எங்கள் குமரிப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கட்டளை எங்கிருந்து வந்தால் என்ன, நடக்கிறவன் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்கிறான்.

அப்புறம் விரிவுரைகள். சோப்பு தயாரிப்பது, மணி கோப்பது, கேக் செய்வது என்று சுயதொழில் வகுப்புகள், 2012இலிருந்து. மண்டபத்தில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். மூன்று மணிக்கு எழுந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

சாயங்காலம் மாமி மார்க்கெட். முதன்முதலில் கேட்டபோது மயிலாப்பூர் மாமி யாரோ வடாம் விற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ராணுவக் குடியிருப்புகளில் பெண்கள் நடத்திவந்த சந்தைக்கான பெயர், முகாமுக்கும் வந்துவிட்டது. முகாம் சமையலறையின் அவித்த பீன்ஸில் இருந்து தப்பி வந்தவர்களுக்கு அங்கே சுயா என்ற சுட்ட இறைச்சி, பொரித்த மீன், தக்காளி போட்ட ஜோலோஃப் சோறு, குளிர்ந்த மால்ட் பானம். துவைத்துக் கொடுக்க ஆள், போன் சார்ஜ் செய்ய ஆள், போட்டோ எடுக்க ஆள். கட்சினாப் பையன் முதன்முதலில் யொருபாக்களின் அமலாக் களியும் வழவழவென்ற எவெடு கீரைக் குழம்பும் சாப்பிட்டது அங்கேதான். பிடிக்கவில்லை. ஆனால் இபாதானில் வாரம் இரண்டு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. 2011 ஏப்ரலில் அதிபர் தேர்தல் முடிவு வந்ததும் வடக்கே வெடித்த கலவரத்தில், பௌச்சியில் பத்து கோப்பாக்கள் கொல்லப்பட்டார்கள். தேர்தல் வேலைக்கு அரசே அமர்த்தியது அவர்களைத்தான். 2023 ஆகஸ்டில் தெற்குக் கோடியிலிருந்து சொகோட்டோ முகாமுக்கு வேனில் போன எட்டுப் பேரை வழியில் ஸம்ஃபாரா மாநிலத்தில் கடத்திவிட்டார்கள். கடைசி ஆள் மீள ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. பிள்ளைக்கு வடக்கே போஸ்டிங் என்றால் மாற்றுவதற்கு யாரைப் பிடிக்கலாம் என்று பெற்றோர் அலைவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டாயம் என்று எழுதுவது ஒரு வரி வேலை. சாலையைப் பத்திரமாக வைத்திருப்பது யார் வேலை? உங்கள் நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், கலவரம் நடந்துகொண்டிருக்கும் மாநிலத்துக்குத் தன் மகளை பஸ் ஏற்றி விடுவாரா என்று.

இருந்தும், அந்த வாளியை நகர்த்திய பையனை மறக்க முடியவில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சேர்க்காமலே விடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் போஸ்டிங் தாள் கைக்கு வந்திருக்கும். பெரும்பாலும் ஏதாவது கிராமத்துப் பள்ளிக்கூடம், அறிவியல் பாடம். உதவித்தொகை நான் இருந்தபோது மாதம் 19,800 நைரா, இப்போது 77,000. விலைவாசியில் இரண்டும் ஒன்றுதான். அம்மாவிடம் ஊர் எது என்று கேட்டுச் சொல்லுங்கள். வழியனுப்பப் போனால் நல்ல கனமான வாளி ஒன்று வாங்கிக் கொடுங்கள், மூடி உள்ளதாக. முகாமுக்குக் கொண்டுபோனது இந்நேரம் வேறு யாரிடமாவது இருக்கும்.