எல்லாம் அடக்கம் என்றால் டிப்ஸும் அடக்கமா?

கேள்வி: எங்கள் திருமணத்தின் 35ஆம் ஆண்டு நிறைவுக்காக மகளும் மருமகனும் எங்களை மாலத்தீவுக்கு அழைத்துப் போகிறார்கள். நான்கு இரவுகள், இரண்டு அறைகள், பேத்தியோடு சேர்த்து ஐந்து பேர். சாப்பாடு, பானம், படகு எல்லாம் பேக்கேஜில் அடக்கம். "அதுதான் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்றே, யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்கிறார் மருமகன். பல வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்த என் கணவரோ, "கொடுக்காமல் வந்தால் எனக்கு மனசு ஆறாது" என்கிறார். யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? நம் ஊர்க் கடற்கரை விடுதிகளிலும் இதே கணக்குதானா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: அன்புள்ள டீச்சர்,

உங்கள் மருமகன் சொல்வதில் தவறு இல்லை. மாலத்தீவில் டிப்ஸ் கட்டாயம் கிடையாது. கொடுக்காமல் வந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனாலும் நான் உங்கள் கணவர் பக்கம்தான்.

மருமகன் கட்டிய தொகைக்குள் சுற்றுலா ஜிஎஸ்டி இருக்கிறது. 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். பசுமை வரி என்று ஒன்று உண்டு. பெரிய விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டும் அரசாங்கத்துக்குப் போகின்றன. இவை தவிர 10 சதவீதம் சேவைக் கட்டணம். விடுதிகள் இதை ஊழியர்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மருமகன் மனதில் வைத்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பங்கு மாதத்துக்கு மாதம் மாறும். நம் ஊரில் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கிறதே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும். அந்த மாதங்களில் விருந்தாளிகள் குறைவார்கள், அறைகள் காலியாகக் கிடக்கும், பங்கும் சுருங்கிவிடும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் மட்டும் சுருங்குவதில்லை.

என் அத்தை மகன் அங்கே ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தான். விடுமுறையில் வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குளியல் துவாலையை அன்னப்பறவையாக மடித்துக் காட்டினான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவறை கழுவும் மருந்து பட்டுப் பட்டு நகக்கண்ணெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. அங்கே ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதிதான். வேலை முடிந்தாலும் நினைத்தபோது வெளியே போய்வர முடியாது. ஊழியர்களின் தங்கும் இடமும் அதே தீவின் பின்புறத்தில், விருந்தாளிகள் கண்ணில் படாத மூலையில் இருக்கும்.

அவன் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கு மிகவும் பயன்படும். ஒரு நாள் அறையில், கட்டிலின் மேல் ஒரு 10 டாலர் நோட்டு கிடந்திருக்கிறது. தனக்காக வைத்ததா, பையிலிருந்து தவறி விழுந்ததா என்று தெரியவில்லை. எடுத்தால் திருட்டுப் பழி வருமோ என்ற பயம். நோட்டை எடுத்து மேசையில் விளக்கின் அடியில் வைத்துவிட்டு, மெத்தை விரிப்பை மாற்றிவிட்டு வந்துவிட்டான். விருந்தாளி அன்றே கிளம்பிப் போய்விட்டார். பணம் விட்டுச்சென்ற பொருட்களின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அவனுக்காக வைத்த பணம்தான் அது என்று இன்றுவரை அவன் நம்புகிறான். ஆகவே, அறையில் பணத்தை வெறுமனே வைக்காதீர்கள். ஓர் உறையில் போட்டு, மேலே நன்றி என்று எழுதி, அவர் பெயரையும் குறிப்பிடுங்கள். நேரில் பார்த்தால் கையிலேயே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. சித்திரை விஷு அன்று பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுக்கிறோமே, முகத்தைப் பார்த்து, சிரித்து, உள்ளங்கையில் வைத்து. அப்படி.

இனி கணக்கு. அறைக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் வைத்தால் இரண்டு அறை, நான்கு நாளைக்கு 24. பெரும்பாலான விடுதிகளில் சாப்பாட்டு மேசைக்கு முதல் நாளே ஒரு சர்வரை ஒதுக்கிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும்வரை அவர்தான் உங்களைக் கவனிப்பார், பேத்திக்குக் காரம் ஆகாது என்பதையும் நினைவில் வைத்திருப்பார். அவருக்கு நாளுக்கு 5 என்று 20. பெட்டி தூக்குகிறவர்களுக்குப் பெட்டிக்கு ஒரு டாலர். ஐந்து பெட்டி, வரும்போதும் போகும்போதுமாக 10. திரும்பும் படகின் பணியாளர்களுக்கு 5. பழச்சாறு கவுண்டரில் அவ்வப்போது ஒன்றிரண்டாக இன்னொரு 5. மொத்தம் 64 டாலர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 6,000 ரூபாயில் முடிந்துவிடும். இது தாராளமும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு பட்லரை ஒதுக்கும் விடுதி என்றால் அவருக்கும் நாளுக்கு 5 டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால் அறைப் பணியாளருக்கும் சர்வருக்கும் மட்டும் கொடுங்கள், மற்றதை விட்டுவிடலாம். இரண்டிலும் ஒன்றுதான் முடியும் என்றால் அறைப் பணியாளர். சர்வருக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள். கழிவறை கழுவியவரை நாம் பார்ப்பதுகூட இல்லை.

மசாஜ், ஆழ்கடல் நீச்சல், மணலில் தனி விருந்து போன்றவை பேக்கேஜில் பெரும்பாலும் சேராது. அந்த பில்லில் சேவைக் கட்டணம் தனியாகப் போட்டிருந்தால் மேற்கொண்டு கொடுக்காவிட்டாலும் குறையில்லை.

நம் மாவட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கன்னியாகுமரியிலோ முட்டத்திலோ மூன்று வேளைச் சாப்பாட்டோடு கடற்கரை விடுதியில் தங்கினால், அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு நாளுக்கு 100 ரூபாய், மேசைக்கு நாளுக்கு 100, பெட்டிக்கு 20 அல்லது 30 என்று நான் கொடுப்பது வழக்கம். இங்கே சட்டம் வேறு. உங்களைக் கேட்காமல் பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் அப்படி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பில்லில் எடுக்கச் சொன்ன பணத்தை, பரிமாறிய பையன் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

புறப்படும் முன் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ உரிமம் பெற்ற அந்நியச் செலாவணி நிறுவனத்தில், ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை டாலர் நோட்டுகள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிழிசலும் கிறுக்கலும் இல்லாத நோட்டாக இருக்கட்டும். பழைய நோட்டுகளை மாற்றுவது விடுதி ஊழியர்களுக்குப் பெரும்பாடு. இந்திய ரூபாயைக் கொடுத்தால் அதை மாற்றும் அலைச்சல் அவர்கள் தலையில் விழும்.

எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். ஊழியர்களுக்கு முறை மாறும். மூன்று நாள் பரிமாறியவருக்கு நான்காம் நாள் வார விடுப்பாக இருக்கலாம். நீங்கள் உறையோடு தேடுவீர்கள், அவர் ஊழியர் குடியிருப்பில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் நாள் இரவே பாதியைக் கொடுத்துவிடுங்கள். உறையைக் கொடுக்கும் வேலையைப் பேத்தியிடம் விட்டுவிட்டால் மருமகனும் மறுக்கமாட்டார்.