ஆக்சிஜன் மெஷின்: வாங்கறதா, வாடகைக்கு எடுக்கறதா?

கேள்வி: அப்பாவுக்கு கடுமையான நிமோனியா, ஐசியூல இருந்துட்டு இப்பதான் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கார், ஃபிசியோதெரபி நடக்குது. நடந்தா ஆக்சிஜன் இறங்குது, அதனால வீட்ல கொஞ்ச நாள் நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்காங்க. ஆன்லைன்ல 1-7 லிட்டர்னு ஒரு குட்டி மெஷின் ரொம்ப கம்மி விலைக்கு கிடைக்குது, அதை வாங்கிடலாமா, இல்ல தோள்ல மாட்டற போர்ட்டபிள் நல்லதா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. இந்த மாதிரி நோயில இருந்து தேறி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு சில வாரத்துலயோ சில மாசத்துலயோ ஆக்சிஜனே தேவைப்படாம போயிடும், அதனால டிஸ்சார்ஜ் ஆகி 60-90 நாளுக்குள்ள திரும்ப டெஸ்ட் பண்ணி இன்னும் வேணுமான்னு டாக்டர் பார்க்கணும், அவங்களா கூப்பிடலைன்னா நீங்களே கேளுங்க.

அந்த 1-7 லிட்டர் மெஷின் வேண்டவே வேண்டாம். கான்சன்ட்ரேட்டர், அதாவது இந்த ஆக்சிஜன் மெஷின், பண்ற வேலை என்னன்னா, ரூம் காத்துல 21% தான் ஆக்சிஜன் இருக்கு, அதுல இருக்கற நைட்ரஜனை ஜியோலைட்னு ஒரு பொருள்ல புடிச்சு வச்சுட்டு 90 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜனா வெளிய விடுது. நல்ல 5 லிட்டர் மெஷின் 5ல வச்சாலும் ஏறக்குறைய அதே சுத்தத்துல தரும். இந்த மலிவு மெஷின்கள்ல 1 லிட்டர்ல மட்டும்தான் 90%, ஃப்ளோவை (நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்ங்கறதை) ஏத்த ஏத்த சதவீதம் இறங்கிட்டே போய் 7ல கிட்டத்தட்ட 30%க்கு வந்துடும், அதாவது சாதா காத்தை விட கொஞ்சம்தான் மேல. விளம்பரத்துல இருக்கற லிட்டரை நம்பாம, ஸ்பெசிஃபிகேஷன்ல எந்த ஃப்ளோவுக்கு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கான்னு தேடிப் பாருங்க. போடலைன்னா விட்டுடுங்க.

போர்ட்டபிள்ல வேற சிக்கல். முக்கால்வாசி மாடல் பல்ஸ் டைப், மூச்சை உள்ள இழுக்கும்போது மட்டும் ஒரு டோஸ் விடும். அதுல 2னு இருக்கறது செட்டிங் நம்பர், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னு அர்த்தம் கிடையாது. வாயால மூச்சு விடறவங்க, வேகமா மேலாப்புல மூச்சு வாங்கறவங்க, இவங்க மூச்சை அது சரியா புடிக்காம விட்டுடலாம், டாக்டர் சொல்லாம தூங்கும்போது போடவே கூடாது. அப்பாவுக்கு வெளிய போக அது வேணும்னா, ஃபிசியோ முன்னாடி அதே மெஷினை மாட்டிட்டு 6 நிமிஷம் நடக்கச் சொல்லி ஆக்சிமீட்டர்ல (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பார்க்கற கருவி) என்ன வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, சும்மா உட்காரும்போது, நடக்கும்போது, தூங்கும்போது எவ்வளவு ஃப்ளோன்னு மூணையும் தனித்தனியா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, பலர் ஒரே நம்பரோட வீட்டுக்கு வந்துடறாங்க.

கேள்வி: ஆக்சிமீட்டர்ல 93 காட்டுது, ஃப்ளோவை நாமளே ஏத்தி 99 ஆக்கிடலாமா?

பதில்: கூடாதுங்க. பொதுவா 92-96 இருந்தா போதும்னு வைப்பாங்க, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) மாதிரி பிரச்சனையால உடம்புல கார்பன் டை ஆக்சைடு தங்கற ஆளுங்களுக்கு 88-92 தான் இலக்கு, அவங்களுக்கு ஆக்சிஜன் அதிகமானா அந்த வாயு இன்னும் ஏறி மயக்கம், குழப்பம் வரைக்கும் போகும். விரல் சில்லுனு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ ரீடிங் தப்பா வரும், கருத்த தோல்னா நிஜ அளவை விட கூடவும் காட்டலாம். விரலைச் சூடு பண்ணி, உட்கார்ந்து, நம்பர் நிலையா நின்னப்புறம் பாருங்க. ஓய்வு எடுத்தும் டாக்டர் சொன்ன அளவுக்கு ஏறலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.

கேள்வி: கரன்ட் போனா என்ன பண்றது?

பதில்: வாடகைக்கு எடுக்கும்போதே ஒரு சிலிண்டரும் சேர்த்து கேளுங்க. சிலிண்டர்ல மொத்தம் எத்தனை லிட்டர்னு கேட்டு ஃப்ளோவால வகுங்க, 1500 லிட்டர் இருந்து 2 லிட்டர் போனா 750 நிமிஷம், அதாவது பன்னண்டரை மணி நேரம், ஆனா கடைசி சொட்டு வரைக்கும் நம்பி உட்காராதீங்க. கடையில ஸ்ப்ரே மாதிரி விக்கற ஆக்சிஜன் கேன் இதுக்கு உதவாது, 10 லிட்டர் கேன் 5 நிமிஷத்துல காலி. ஆக்சிஜன் ஓடற ரூம்ல சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது, மூக்கு காஞ்சு போச்சுன்னு வாசலின் தடவவும் வேண்டாம், தண்ணி பேஸ் ஜெல் கேட்டு வாங்கிக்கோங்க.