நாலு மில்லிமீட்டர் இருக்கட்டும், அண்ணனைக் கூட்டிப் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 37. மூன்று மாதம் முன்பு படுக்கையில் புரண்டு படுத்தபோது தலை சுற்றியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பிட்யூட்டரி சுரப்பியில் 4 மி.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. புரோலாக்டின் 46. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. முடி கொட்டுகிறது, உடம்பு போடுகிறது, எப்போதும் அசதி. ஒரு வருடமாக கேஸ் தொல்லைக்கு மெடிக்கலில் வாங்கி தினமும் ஒரு மாத்திரை (பான்டோபிரசோல், டொம்பெரிடோன் கலந்தது) போடுகிறேன். எங்கள் ஏரியாவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே கட்டி இருக்கிறதாம். செல்போன் டவர்தான் காரணம் என்கிறார்கள். மதுரையில் இது பரவுகிறதா? கட்டியைக் கரைக்கும் மாத்திரை என்று யூடியூபில் காபர்கோலின் பற்றிச் சொன்னார்கள். வாங்கிப் போடலாமா? என் சித்தப்பா மூளைக் கட்டிக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்து, சில மாதத்தில் இறந்துபோனார். இது பரம்பரையாக வருமா? என் அண்ணனுக்கும் (46) ஒரு வருடமாகத் தலைவலி. பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறார். இப்போதெல்லாம் வண்டியை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வருகிறார். கண்ணாடிக் கடையில் பார்த்ததற்குப் பார்வை சரியாக இருக்கிறது என்றார்கள். என் மகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

– பெயர் வேண்டாம், வில்லாபுரம், மதுரை

பதில்: முதலில் அண்ணனைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கட்டி காத்திருக்கும்.

"இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வருகிறார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு மகளுக்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

பிட்யூட்டரி பல ஹார்மோன்களைச் சுரக்கும் சுரப்பி. மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கிறது. எடை அரை கிராம் சுமார். அந்தக் குழிக்கு நேர் மேலேதான் இரண்டு கண்களின் நரம்புகளும் வந்து சேர்ந்து, பாதி இழைகள் குறுக்கே தாண்டிப் போகின்றன. அப்படித் தாண்டுகிறவை வெளி ஓரக் காட்சியைக் கொண்டுபோகும் இழைகள். கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்த இடத்தைக் கீழிருந்து அழுத்தும். வலது கண்ணில் வலது ஓரமும் இடது கண்ணில் இடது ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். நடுவில் தெரிவது பளிச்சென்றே இருக்கும். ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல.

இதில் சங்கடம், ஆளுக்கே தெரியாது. கண்ணாடிக் கடையின் எழுத்துப் பலகை நடுப்பார்வையைத்தான் சோதிக்கிறது. உங்கள் அண்ணன் கடைசி வரி வரை படித்துவிட்டு வந்திருப்பார். ஆனால் வேனின் ஓரக் கண்ணாடி உடையும். கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் பேசினால்தான் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் இருப்பவர்கள் "கவனமே இல்லை" என்று திட்டுவார்கள், இல்லை குடிக்கிறாரோ என்று சந்தேகப்படுவார்கள்.

அவருக்குப் பிட்யூட்டரி கட்டி என்று நான் சொல்லவில்லை. கண் அழுத்த நோயும் சத்தமில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். இரண்டில் எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒரே பரிசோதனை: ஃபீல்டு டெஸ்ட். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள், அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. பெரியாஸ்பத்திரி கண் பிரிவிலும் காட்டலாம். "தலைவலியோடு இரண்டு பக்கமும் இடிக்கிறார்" என்று நீங்களே கூடப் போய்ச் சொல்லுங்கள். அவரை விட்டால் "லேசா தலைவலி" என்று சொல்லி ஒரு மாத்திரையோடு திரும்பி வருவார்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். அவரை எதிரே உட்கார வைத்து, ஒரு கண்ணைக் கையால் மூடி, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் விரலை ஆட்டிக்கொண்டே அவருடைய வெளி ஓரத்திலிருந்து மெதுவாக நடுவே கொண்டுவாருங்கள். இரண்டு கண்ணிலும் விரல் பாதி தூரம் உள்ளே வந்த பிறகுதான் தெரிகிறது என்றால் நாளைக்கே போங்கள். சரியாகத் தெரிந்தாலும் இந்த வாரத்துக்குள் போங்கள், விரல் சோதனை நுணுக்கமானதல்ல. அதுவரை வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும். விடிகாலை இருட்டில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் நுழைகிற வண்டி அது. யார் குறுக்கே வருவார்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம், அவர் மோதிரம் விரலில் இறுகிவிட்டதா, செருப்பு சைஸ் இந்தச் சில வருடத்தில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். 46 வயதில் கால் வளரக் கூடாது. வளர்ந்தால் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று பார்ப்போம். திடீரென்று மண்டை பிளக்கும் வலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது – இவை வந்தால் கண் மருத்துவமனை வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் அப்படி வரும். அது சில மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னென்னவோ கேட்டிருந்தாலும், "சித்தப்பா மாதிரி நானும் போய்விடுவேனா" என்பதுதான் கேள்வி. மாட்டீர்கள். சில மாதத்தில் ஆளைக் கொண்டுபோகிற கட்டிகள் மூளைத் திசுவிலேயே புற்றாக முளைப்பவை. பிட்யூட்டரி கட்டி அந்த ஜாதி இல்லை. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுகிற பிட்யூட்டரி புற்றுநோய் மிக மிக அபூர்வம். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களுக்கும் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள், மண்டையைத் திறப்பதில்லை. உங்களுக்கு இப்போது அதுவும் தேவையில்லை.

மதுரையில் பரவுகிறதா? இல்லை. ஸ்கேன் சென்டர்கள்தான் பரவியிருக்கின்றன. வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தும், நோயே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தும் உலகில் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். அவற்றை எல்லாம் சேர்த்து 2004-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, சுமார் ஆறு பேரில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சின்னக் கட்டி இருக்கிறது என்றது. பத்தில் ஒருவர் என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் வயது வந்தவர்கள் பத்து லட்சம் என்று வைத்தால் ஒரு லட்சம் பேர். சித்திரைத் திருவிழாவில் ஆற்றங்கரையில் நிற்கும் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தலைக்குள் இதைச் சுமந்துகொண்டுதான் அழகரைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதில் எத்தனை பேருக்குத் தொல்லை தருகிறது என்பது வேறு கணக்கு. பெல்ஜியத்தில் லியேஜ் பகுதியில் எண்ணிப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள்: 1,064 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் பான்பரி என்ற ஊரில் எண்ணியபோது லட்சத்துக்கு 78 பேர் வாக்கில் வந்தது. அந்த விகிதத்தை நம் பத்து லட்சத்துக்குப் போட்டால் ஆயிரம் பேருக்குள். ஆக ஒரு லட்சம் பேருக்குக் கட்டி, ஏறக்குறைய ஆயிரம் பேருக்குத்தான் நோய். உங்கள் ஏரியாவில் மூன்று பேருக்கு இருப்பது ஆச்சரியமே இல்லை. எல்லோரையும் ஸ்கேனுக்குள் படுக்க வைத்தால் தெருவுக்கு இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள். டவரை விட்டுவிடுங்கள்.

புரோலாக்டின் 46-க்கு வருகிறேன். பிட்யூட்டரியில் சுரக்கும், தாய்ப்பாலுக்கான ஹார்மோன் அது. கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிற 37 வயதுப் பெண்ணிடம் ஸ்கேனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. அடுத்தது அந்த கேஸ் மாத்திரை. அதில் இருக்கும் டொம்பெரிடோன், புரோலாக்டினுக்குக் கடிவாளம் போடும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கிறது. 46 என்ன, அந்த மாத்திரையால் நூறைத் தாண்டுவதும் உண்டு, மாதவிடாயும் தள்ளிப்போகும். சீட்டு இல்லாமல் ஒரு வருடம், தினமும்! "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று நாங்கள் கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நம் ஊரில் கேஸ் மாத்திரை மருந்துக் கணக்கிலேயே வராது. அதை நிறுத்துங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் டொம்பெரிடோன் சேராததாக டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் புரோலாக்டினைத் திரும்பப் பாருங்கள், கூடவே தைராய்டும். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். உங்கள் முடி, எடை, அசதி மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் அதிலோ ரத்தசோகையிலோ இருக்கும்.

அளவு இறங்கிவிட்டால், 4 மி.மீ. கட்டி சும்மா கிடக்கிற கட்டி. எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) ஒருவரிடம் காட்டி மற்ற ஹார்மோன்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வருடம் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதும். இந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் வளராமல் அப்படியே கிடக்கும். இறங்கவில்லை என்றால்தான் காபர்கோலின் பேச்சு. யூடியூப்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்: புரோலாக்டின் சுரக்கும் கட்டியை அது நன்றாகவே சுருக்கும். மற்ற கட்டிகளுக்கு அப்படிக் கேட்காது. குமட்டல், தலைசுற்றல், சிலருக்கு மனக்குழப்பம் வரை கொண்டுவரும் மருந்து. ஒரு மாத்திரை ஏற்றிய அளவை இன்னொரு மாத்திரையால் இறக்கப் பார்க்காதீர்கள்.

புரண்டு படுக்கும்போது வந்த தலைசுற்றல் காதிலிருந்து வருவது. அதற்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே சரிசெய்வார்.

மகளுக்கு ஸ்கேன் வேண்டாம். பிட்யூட்டரி கட்டி குடும்பத்தில் வருவது நூற்றில் ஐந்து பேருக்கு வாக்கில்தான், சித்தப்பாவின் கட்டி இந்தக் கணக்கில் சேராது. அண்ணனுக்கும் பிட்யூட்டரி கட்டி என்று தெரியவந்தால் மட்டும் கதை மாறும். அப்போது உங்கள் இருவர் ரிப்போர்ட்டையும் ஒரே எண்டோகிரைனாலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள். மகளைப் பரிசோதிக்க வேண்டுமா என்று அவர் சொல்வார்.