டிமென்ஷியா இல்லத்துக்கு நர்ஸாகப் போகலாமா?

தங்கச்சி, மதுரையில் ஐசியூ பார்த்த நீ இங்கிலாந்தில் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்கான முதியோர் இல்லத்துக்கு வந்தால் கற்றதெல்லாம் மறந்துவிடுமா, "ஆயா வேலைக்கா போறே" என்று வீட்டில் கேட்கிறார்களே என்று எழுதியிருந்தாய். நான் திருமங்கலத்துக்காரி. லீட்ஸ் பக்கம் அப்படி ஒரு இல்லத்தில்தான் வேலை பார்க்கிறேன். தைரியமாக வா. படித்த படிப்பு முழுவதும் இங்கே தேவைப்படும்.

ஐசியூவில் மானிட்டர் கத்தும், கூப்பிட்டால் டூட்டி டாக்டர் வருவார். இங்கே ராத்திரி ஷிஃப்டில் பல இல்லங்களில் நர்ஸ் ஒருத்திதான். உதவிக்குக் கேர் அசிஸ்டென்ட்கள் இருப்பார்கள். மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்குப் போன் போடுவதா, அவசர எண்ணான 999-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா, விடியும்வரை கவனித்துப் பார்ப்பதா என்று நீதான் முடிவெடுக்க வேண்டும்.

நேற்றுவரை தானே சாப்பிட்ட பாட்டி இன்று திடீரென்று கத்துகிறார், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குகிறார் என்றால் "நோய் முற்றிவிட்டது" என்று எழுதிவிடாதே. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் ஒரே ராத்திரியில் முற்றாது. முதலில் டெலிரியம் (வேறு உடல் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம்) என்று சந்தேகப்படு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேடு. வலியையும் தேடு. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு அபே அளவுகோல் இருக்கிறது. முனகல், முகச்சுளிப்பு, உடல் அசைவு, நடத்தை மாற்றம், நாடித்துடிப்பு போன்ற மாற்றங்கள், உடம்பில் புண் என ஆறையும் பார்த்து 18-க்கு மதிப்பெண் போட வேண்டும். அடிக்க வந்த மனிதர் பாராசிட்டமாலில் அமைதியாவதை நீயே பார்ப்பாய். தூங்க வைக்கும் மனநோய் மருந்துகளைக் கடைசி வழியாகத்தான் கொடுக்கிறார்கள். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அவற்றால் பக்கவாத ஆபத்து கூடுகிறது.

நம்மூர்ப் பெரியாஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள். இங்கே அதுவும் நம் வேலை, அதிலும் நுணுக்கம் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரை எந்த அளவு கெட்டியாக்குவது என்பதற்கு நிலைகள் உண்டு. தவறினால் நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை வேண்டாம் என்றால் சோற்றில் பொடித்துக் கொடுக்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே சட்டப்படி தவறு. 2005 மென்டல் கெபாசிட்டி சட்டப்படி, அவரால் அந்த முடிவை எடுக்க முடியவில்லை என்று மதிப்பிட்டு, டாக்டர், மருந்தாளர், குடும்பத்தாரோடு பேசி எழுதி வைத்த பிறகே மறைத்துக் கொடுக்கலாம்.

அப்புறம், ஆளைத் தெரிந்துகொள். பால்காரராக இருந்தவர் விடிகாலை நாலு மணிக்குக் கதவைத் தட்டினால் தூக்க மாத்திரை தேடக் கூடாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலமெல்லாம் கடை போட்டவரை ஆறு மணிவரை படு என்றால் படுப்பாரா? டீ கொடுத்து உட்கார வை.

சிலர் உன் நிறத்தைச் சொல்லித் திட்டுவார்கள். நோய்தான் பேசுகிறது என்று தெரிந்தாலும் மனசு வலிக்கும். மேலாளரிடம் சொல், பதிவு செய்யச் சொல்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் பார். பதவி நர்ஸா, கேர் வொர்க்கரா? 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுப்பது நின்றுவிட்டது. அந்தப் பெயரில் யாராவது விசா தருகிறேன் என்றால் நம்பாதே. வேலை வாங்கித் தந்ததற்கு ஏஜென்ட் காசு கேட்டாலும் கொடுக்காதே, பிரிட்டன் சட்டம் அதைத் தடுக்கிறது. இல்லத்தின் பெயரைப் போட்டு சிக்யூசி (இங்கிலாந்தில் இல்லங்களை ஆய்வு செய்யும் அமைப்பு) ஆய்வறிக்கையைத் தேடிப் படி. நேர்காணலில் மூன்று கேள்வி கேள்: ராத்திரியில் எத்தனை நர்ஸ், எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், என்எம்சி (நர்ஸ்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் கவுன்சில்) பதிவு எண் வரும்வரை என்ன சம்பளம். பதில் வந்ததும் எனக்கு எழுது, சேர்ந்து பார்க்கலாம்.