வாசகர் கேட்கிறார்: செல்லாத கல்யாணங்கள்

கேள்வி: ஒரே பாலினத்தவர் திருமணம் கேட்பவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைத் துணைக்கு இழுக்கிறார்களே. சவுக்கடி பட்டவர்களும் இவர்களும் ஒன்றா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: பட்ட பாட்டைத் தராசில் வைத்தால் ஒன்றல்ல, ஐயா. இவர்களை யாரும் சந்தையில் ஏலம் விடவில்லை. கல்யாணத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1958-இல் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் வாஷிங்டனில் மணந்து வர்ஜீனியா திரும்பினார்கள். சில வாரங்களில் ஒரு நடுச்சாமத்தில் ஷெரீப் என்ற உள்ளூர்க் காவல் அதிகாரி படுக்கையறைக்குள்ளேயே வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்றார் ஷெரீப். 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணப்பதைத் தடுத்த அந்தச் சட்டம்தான் செல்லாது என்றது.

2013-இல் ஒஹாயோவின் ஜிம் ஒபர்கெஃபெல், படுத்த படுக்கையாயிருந்த ஜான் ஆர்தரை மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோய், தரையில் நின்ற அந்த விமானத்துக்குள்ளேயே மணந்தார். ஒஹாயோவில் அந்தத் தாளும் செல்லாது. ஜான் கண்ணை மூடினால் இறப்புச் சான்றிதழில் 'மணமாகாதவர்'. அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்கில்தான், ஒரே பாலினத்தவர் திருமணத்தை அமெரிக்கா முழுதும் செல்லுபடியாக்கிய 2015 தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, 2007-இல், ஒரே பாலினத்தவருக்கும் மண உரிமை வேண்டும் என்று மில்ட்ரெட் பெயரில் அறிக்கை வெளிவந்திருந்தது. இந்த ஒப்பீட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான நடுவர் யார்?

என் வீட்டுக் கதையும் இதுதான். என் பெற்றோர் 1956-இல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். தலைமை தாங்கியவர் ஒன்றரை மணி நேரம் பேசியதில் பந்தி ஆறிப்போனது என்று அத்தை இன்றும் குறைப்படுவார். அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, பழைய திருமணங்களையும் சேர்த்து ஏற்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை சட்டத்தின் கண்ணில் என் அம்மா யாருக்கும் மனைவியில்லை.

ஒப்பீடு இடறும் இடம் ஒன்று உண்டு. கறுப்பினக் குழந்தை அடிபட்டு வந்தால் வீட்டில் அதே அடி பட்ட தாய் இருப்பாள். தன் பாலினத்தையே விரும்பும் பிள்ளையோ தன் தாயிடமே மறைக்கிறது.

கேள்வி: நம் உச்ச நீதிமன்றம்தான் மறுத்துவிட்டதே? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆம், 2023 அக்டோபர் 17-இல். ஐந்து நீதிபதிகளும் மண உரிமை அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். 1953 தீர்ப்புக்குப் பிறகு எங்களுக்குச் சட்டமன்றக் கதவு திறக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லியிருக்கிறது.

கேள்வி: உங்கள் பேரன் இப்படி வந்து நின்றால்? (பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: அன்று எனக்குச் சோறு இறங்காது. என் தாத்தாவுக்கும் இறங்கவில்லை. மகன் கல்யாணத்தன்று வேண்டுமென்றே நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். மூன்றாம் மாதம் மாட்டுவண்டியில் இரண்டு மூட்டை நெல்லோடு வந்து, வாசலில் நின்றபடியே "எங்கே இறக்குவது?" என்று கேட்டாராம்.