வாசல் வரை வருவது யார்?

கேள்வி: சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்த என் மகனைப் போன வாரம் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, செக்யூரிட்டி ஒருவர் கூடவே நடந்து வாசல் வரை கொண்டுவந்து விட்டாராம். அவன் என்ன திருடனா? நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: 'வாசல் வரை' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அது மரியாதைக்கான சொல். வந்தவர் கிளம்பினால் வீட்டுக்காரர் எழுந்து தெருமுனை வரையாவது நடப்பார். கரிகாலன் நடந்திருக்கிறான். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கலைஞன் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும், எங்களை விட்டுப் போகிறாயா என்று கோபித்தவன் போலப் பார்க்கிறான். அப்புறம் நாலு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரைக் கொடுத்து, ஏழடி பின்னாலேயே நடந்து, குதிரை ஓட்டும் கோலில் இருந்த முள்ளைக் களைந்துவிட்டு, 'ஏறு' என்கிறான். அந்த முள்ளுக்குப் பாட்டில் பெயர் 'தாறு'. நம் வண்டிக்காரர்கள் கையில் இருந்த தார்க்குச்சி அதுதான்.

சரி, நிறுவனங்கள் சொல்லும் காரணம் எனக்கும் தெரியும். கோபத்தில் கோப்புகளை அழித்துவிடுவான், வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுபோவான், அங்கேயே சத்தம் போடுவான் என்று பயம். ஆனால் அவனை அறைக்குக் கூப்பிடும் முன்பே அவனுடைய பாஸ்வேர்டை முடக்கிவிடுகிறார்கள். ஆள்குறைப்புப் பேச்சு பல நாள் முன்பே காதில் விழுந்துவிடும். எடுக்க நினைப்பவன் அப்போதே எடுத்திருப்பான். அதற்கு மேலும் ஒரு காவலாளி எதற்கு? உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் பார்ப்பதற்கு. நீக்கியவர் அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு. இதை ஏற்பாடு செய்வது மனிதவளத் துறை. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது, பல முறை எழுதிவிட்டேன். வளம் என்று பேர் வைத்தால் அள்ளத்தான் தோன்றும், கொள்ளிடத்து மணலை அள்ளியது போல.

சின்ன வயதில் நானே ஒன்றைப் பார்த்தேன். கும்பகோணம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பல வருஷம் கணக்கெழுதியவரை ஒரு காலையில் நிறுத்தினார்கள். முதலாளி உள்ளேயே இருந்துகொண்டார். காவல்காரர் கூட வந்தார், வாசலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். கணக்கப்பிள்ளை திறந்து காட்டினார். மூடிவிட்டு இரண்டடி வைத்தவர், களத்து ஓரத்தில் சிதறிக் கிடந்த நெல்லைப் பார்த்து நின்றார். குனிந்து இரண்டு கையாலும் கூட்டி அள்ளிக் குவியலில் போட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். 'நடங்க' என்று சொல்ல அந்தக் காவல்காரருக்கு வாய் வரவில்லை.

நம் ஊரைப் பெருமை பேசி மட்டும் விட்டுவிட மாட்டேன். பொருநராற்றுப்படை முடிவதே 'வேலி ஆயிரம் விளையுட்டாக' என்று காவிரி நாட்டைப் புகழ்ந்துதான். வேலி என்பது நில அளவு, கலம் நெல் அளவு. ஒரு வேலிக்கு ஆயிரம் கலம். அந்த வேலிகளில் சேற்றில் நின்ற பண்ணையாளுக்குப் பின்னால் எந்த மிராசுதார் ஏழடி நடந்தார்? 'நாளையிலிருந்து வராதே' என்ற ஒரு வார்த்தை போதும். குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது என்றால் அதுவும் போச்சு. இஷ்டப்படி பண்ணையாளை நிறுத்தக் கூடாது என்று சொல்ல 1952இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் மகனோடு ஒருவர் நடந்து வந்ததில் எனக்குக் குறையில்லை. நடந்திருக்க வேண்டியவர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர். மாதச் சம்பளத்துக்கு நிற்கிற காவலாளி தலையில் அதைக் கட்டியதுதான் ஆத்திரம். அவர்மேல் நீங்கள் கோபப்பட வேண்டாம்.

ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 41ஆவது பிரிவின்படி 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். விசாரணை நடத்தி ஒழுங்கீனம் நிரூபித்தால்தான் அந்த முன்னறிவிப்பு வேண்டியதில்லை. மேல்முறையீடு உண்டு, அதற்குக் கெடுவும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் அவன் என்ன பதவியில் இருந்தான் என்று கேளுங்கள். கையில் கொடுத்த கடிதத்தின் தேதியை இன்றைக்கே பாருங்கள்.